எர்த் வயர்

பழைய காரில் லைட் மங்கினால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். பெரும்பாலும் எர்த் வயர்தான் காரணம். பாடியில் முடுக்கிய இடத்தில் துரு ஏறியிருக்கும். சுரண்டி முடுக்கினால் பத்து நிமிட வேலை.

மருமகன் காரிலும் அதேதான். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன். அன்று அரைகுறையாக முடுக்கி அனுப்பினேன். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் இரண்டே தடவைதான் வீட்டுக்கு வந்திருந்தாள். லைட் மங்க ஆரம்பித்த பிறகு வாரம் தவறாமல் வந்தாள். அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான்; அவள் அடுப்படியில் என்னோடு பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். ஆறு மாதம் அப்படிப் போனது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

மருமகன் தங்கமான பையன். "மாமா, வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. வண்டிய வித்துட்டு ரெண்டு பேரும் கெளம்புறோம். வாங்குறவர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கார்" என்றான்.

"அப்ப ஒருதரம் நல்லாப் பாத்துக் குடுத்துடறேன், மாப்ள" என்றேன்.

வயர் சூடானால் ஃபியூஸ் முதலில் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். நான் ஃபியூஸைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பியை வைத்தேன். பெட்ரோல் குழாயை ஒட்டிப் போகும் வயரின் தோலை விரல் நீளத்துக்கு உரித்து, இரும்பில் உரசும்படி விட்டேன். மேடுபள்ளச் சாலையில் குலுங்கினால் போதும்.

மறுநாள் காலை மகளும் அவனோடு கிளம்பினாள். "நீ இரும்மா, சாப்பிட்டுப் போகலாம். அவர் தனியாப் போய்ட்டு வரட்டும்" என்றேன். கதவைத் திறந்துவிட்டு அவனுக்குக் கையசைத்ததும் நான்தான்.

வண்டி தீப்பிடித்து மாப்பிள்ளை செத்த விபத்துக்குப் பழைய வயரிங்தான் காரணம் என்று உங்கள் அறிக்கையில் போட்டிருக்கிறீர்கள், ஐயா. அது தப்பு. அந்த வண்டி வயரிங்கில் ஒரு குறையும் கிடையாது. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அப்படி எழுதியதை என்னால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நான்கு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உள்ளே போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அலுப்புதான், வேறொன்றுமில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். நான் ஊட்டிவிட்டால்தான் அவள் சாப்பிடுவாள்.