வாரிசு இன்றி

பழைய பத்திரத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்று எங்கள் பத்திர ஆபீஸ் பதிவறைக்கு வரும் எல்லோரிடமும் சொல்வேன். முகம் சுளிக்காமல் கழுவியவள் அந்த நர்ஸ் ஒருத்திதான். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, ஐயா.

அவளுடைய அம்மா இறந்து ஒரு வருடம். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு யாருமில்லை. அம்மாவைப் பெற்றவள் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள் என்று தெரியும். அவள் பெயரும் பிறந்த தெருவும் தெரியும். அது போதும், பத்திரங்களை வைத்தே ஆட்களைப் பிடித்துவிடலாம் என்றேன். எங்கள் தெருவாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. விற்றது, அடமானம் வைத்தது என்று ஒன்பது நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம்.

பத்தாம் நாள் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. என் அப்பாவும் பெரியப்பாவும் நான் இருக்கும் வீட்டைப் பிரித்துக்கொண்டது. தங்கை வாரிசு இன்றி இறந்துவிட்டபடியால் என்று அதில் ஒரு வரி. கீழே அப்பாவின் கையெழுத்து. அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்ததே எனக்குத் தெரியாது. அந்தத் தங்கைதான் இவள் தேடி வந்தவள். இவள் அம்மா பிறந்த தேதியை வைத்துப் பார்த்தால், பத்திரம் எழுதிய அன்று அவள் உயிரோடு, கைக்குழந்தையோடு இருந்திருக்கிறாள்.

நர்ஸ் அழுதுகொண்டே சிரித்தாள். “அப்போ நீங்க எனக்கு சித்தப்பா முறை.”

பங்கு கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு நாலு அறை எதற்கு?

“பங்கெல்லாம் வேண்டாம் சித்தப்பா. வாரிசு இல்லைன்னு எழுதியிருக்கே, அதை மட்டும் மாத்தணும். நான் இருக்கேன்ல?”

கோர்ட்டுக்குப் போகவும் தயாராக இருந்தாள். என் அப்பா வாயில் பொய் வராது என்று ஊரே சொல்லும். அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாமே என்பீர்கள். அது குற்றம். முப்பத்தொரு வருடத்தில் நான் செய்யாத வேலை.

ஞாயிறு காலை வீட்டைப் பார்க்க வரச் சொன்னேன். நான்கு எல்லையையும் பத்திரத்தோடு நடந்து சரிபார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். நான் நகலைப் பார்த்து வாசித்தேன். அவள் அளவு நாடாவைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தாள். கிணறு என்று வாசித்ததும் அது எங்கே என்று கேட்டாள். எப்போதோ தூர்த்தாயிற்று என்றேன். தூர்க்கவில்லை. பலகை போட்டு மேலே மண் பரப்பியிருந்தது. பலகை உளுத்துவிட்டதால் பல வருடமாக நான் அந்த இடத்தைச் சுற்றித்தான் போவேன்.

“இன்னும் ரெண்டடி பின்னால போம்மா, அளவு சரியா வரும்.”

உள்ளேயிருந்து மூன்று முறை சித்தப்பா என்று கூப்பிட்டாள். என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான்காவது முறைக்காகக் கொஞ்ச நேரம் நின்றேன்.

திங்கட்கிழமை கை கழுவிவிட்டு அந்தப் பத்திரம் இருந்த தொகுதியை எடுத்த இடத்திலேயே வைத்தேன். இப்போது அந்த வரியில் தப்பு ஒன்றுமில்லை. போய்ப் பாருங்கள் ஐயா, ஓர் எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.