பதினொரு பேர் ஏறிய வண்டி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் சின்னுசாமி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கந்தப்பன் பட்டறையில் அவரோடு தகடு வெட்டி மரம் இழைத்த தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அவர் துணைவியார் கண்ணாத்தாள் அம்மா அவர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். மேதை என்றார்கள். விஞ்ஞானி என்றார்கள். புதுச்சத்திரத்தின் பெருமை என்றார்கள். ஆறு ஆண்டுகளாக இந்த ஊர் அவரை 'டப்பாக் கார்க்காரர்' என்றுதானே அழைத்தது? இந்தப் பட்டங்களில் ஒன்றையாவது அவர் உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கக் கூடாதா?

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவள். லாரிக்குப் பாடி கட்டும் ஒருவர் எழுபத்தைந்தாம் ஆண்டில் கார் படத்தோடு என்னிடம் வந்து நின்றபோது, நானும் நம்பவில்லை. எதற்கு உங்களுக்கு இந்த வேலை என்று கேட்டேன். லாரிக்காரர் ஒருவர், கல்யாணத்துக்குப் போகும் பெண்கள் மூட்டைகளின் மேல் ஏறி உட்காரப் பின்பக்கம் இரும்புப் படி வைக்கச் சொன்னாராம். இவரும் வைத்துக் கொடுத்தாராம்.

"படி நல்லா அமைஞ்சுதுங்க டீச்சரம்மா. ஆனா அதுல ஒரு வாயும் வயிறுமான புள்ள ஏறுறதப் பாத்தனுங்க. அன்னைக்கிருந்து வேற வேல ஓடல."

அவர் கேட்டது இதுதான். ரெண்டு ஜோடி உழவு மாட்டின் விலைக்குள் ஒரு கார். ஒரு குடியானவக் குடும்பம் வெயில் படாமல், மானம் கெடாமல் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய்வர வேண்டும். மூன்று சக்கர வண்டியின் என்ஜினைப் பின்னால் வைத்தார். லாரிக்குப் போடும் தகட்டில் உடம்பைக் கட்டினார். எடைக் கணக்கு நான் போட்டேன். ஓட்டுகிறவரைச் சேர்த்து ஆறு பேர். அதற்கு மேல் பின் அச்சு தாங்காது என்று எழுதிக் கொடுத்தேன்.

எழுபத்தெட்டு தை மாதம். அனுமதிக்காக வண்டியை ஓட்டிப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்று நடந்ததை இங்கே யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் புது வண்டியின் முதல் ஓட்டத்துக்குப் பெரியவர்களை ஏற்றாமல் இருப்பது அவமரியாதை. கந்தப்பன் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். வந்தவர்கள் நின்று வாழ்த்துவார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் ஏறினார்கள். இடம் நிறைந்த பிறகும் ஏறினார்கள். என்ஜின் மூடியின் மேலும் இருவர் உட்கார்ந்தார்கள். நம் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"லாரிக்குப் பாடி கட்டறவன் நீ. இன்னும் ரெண்டு பேரு ஏறுனா தாங்காதாப்பா?"

"ஏறுங்க சாமி, ஏறுங்க" என்றார் கந்தப்பன்.

அவரும் அதிகாரியும் சேர்த்துப் பதினொரு பேர். ஓடைப் பாலத்தின் இறக்கத்தில் அச்சு ஒடிந்தது. யாருக்கும் அடியில்லை. தலைவரின் வேட்டியில் மட்டும் எண்ணெய்க் கறை. 'சோதனையில் அச்சு முறிந்தது, அனுமதிக்கத் தக்கதல்ல' என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்று எழுதவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்று அன்றைக்கே கேட்டேன். "கூப்புட்டு வந்தவங்கள எறங்குங்கன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மீண்டும் விண்ணப்பித்தார். அச்சு முறிந்ததற்கு எடைதான் காரணம் என்றால், ஏறியவர்களே எழுதிக் கொடுக்கட்டும் என்று சென்னை அலுவலகம் கேட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றார். ஒருவர் நாளைக்கு வா என்றார். ஒருவர் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினார். தலைவர் அவர்களே, உங்கள் கடையில் அவரோடு நானும் நின்றிருந்தேன்.

"எங்களாலதான் ஒடஞ்சுதுன்னு எங்க கையாலயே எழுதச் சொல்றியா?" என்று கேட்டீர்கள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

காய்ந்த ஏரிக்குள் ஆறு பேர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி மூன்று கோடைகள் அதே வண்டியை ஓட்டினோம். அதே அளவில் புது அச்சு. ஒடியவில்லை. ஓட்டியதை நாள்வாரியாகக் குறித்து வைத்த ஏட்டை அலுவலகம் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. போன வாரம் அந்த மனிதரை மாரடைப்பு கொண்டுபோனது. நம் பெண்கள் இன்றும் மூட்டைகளின் மேல்தான் போகிறார்கள்.

அவருக்குச் சிலை வைக்கலாம் என்று சற்று முன் ஒருவர் சொன்னார். வேண்டாம். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். தொடரலாம். அது சுலபம்.

நான் ஒரு கடிதம் எழுதி வந்திருக்கிறேன். மூன்று வரி. ஆறு பேருக்கான வண்டியில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். எடை மிகுந்ததால்தான் அச்சு முறிந்தது. மறு சோதனை நடத்த வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பதினொரு பேரில் கடைசியாக ஏறியவள் நான். கணக்குப் போட்டவள் நான். "நீங்களும் ஏறுங்க டீச்சரம்மா" என்று அவர் அழைத்தார். மரியாதையாக இருந்தது. ஏறிவிட்டேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அவர் என்னிடம் கடிதம் கேட்கவும் இல்லை. நானாகக் கொடுக்கவும் இல்லை.

முதல் கையெழுத்து என்னுடையது. மற்ற எட்டுப் பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். ஐந்து பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்த ஐவரில் மூவர் மேடையில்.

கடிதம் கண்ணாத்தாள் அம்மா மடியில் இருக்கிறது. படத்துக்கு மலர் தூவ அவரைக் கடந்துதான் போக வேண்டும். தலைவர் அவர்களே, முதலில் நீங்கள் வாருங்கள்.