கண்ண மட்டும் மறைச்ச போட்டோ

அந்தப் படத்தப் போட்ட நிமிஷமே எல்லாம் போச்சுங்க. நேத்து, கிளாஸ்ல. ஆங்? ஆமா, டீச்சர்தான். பல் டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்கு. அதோ, வராண்டா கோடியில வெள்ளக் கோட்டோட தனக்குத்தானே பேசிட்டு நிக்குதுங்களே, எல்லாம் நம்ம கும்பல்தான்.

இல்லல்ல, பல்லு பிடுங்க இல்ல. அதிகாரிகிட்ட போய் எப்படிக் கேக்கணும்னு சொல்லிக்குடுக்கிறேன். சிரிக்காதீங்க, நெஜமாவே அப்படி ஒரு பாடம் இருக்கு! கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வாரத்துல ஒரு நாள்தானே பல் டாக்டர் வர்றாரு? தினமும் வேணும்னு கேக்கத்தான் இப்ப உள்ள போறோம். புள்ளிவிவரமா அள்ளி வீசாதீங்கடா, அதிகாரி கொட்டாவி விடுவாரு, ஒரே ஒரு ஆளப் பத்திச் சொல்லுங்கன்னு பழக்கியிருக்கேன். அழவும் கூடாது. அழுதா தண்ணி குடுத்து அனுப்பிச்சிருவாங்க.

அதுக்குத்தாங்க அந்தப் படம். ஒரு லாரி டிரைவர். கடவாப்பல்லு வலி. அவரு போன அன்னிக்கு டாக்டர் வர்ற நாள் இல்ல. மாத்திரைய குடுத்து, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. வீக்கம் அப்படியே கழுத்துக்கு எறங்கி, மூச்ச அடைச்சு... ஆமாங்க, வெறும் பல்லுதான். யாரும் நம்ப மாட்டாங்க.

ஆளு தெரியக் கூடாதுன்னு கண்ணுக்குக் குறுக்க கருப்புப் பட்டை போட்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் போடுவோம். முன் பெஞ்சுல ஒரு வாயாடி இருக்கா, பட்டுனு கேக்குறா, மிஸ், இவருக்கும் உங்கள மாதிரியே முன்பல்லு ஒண்ணு திரும்பியிருக்கு, பக்கத்துல அதே சந்துன்னு. மொத்தக் கிளாஸும் என் வாயையே பாக்குது. பல்லு படிக்கிற பசங்ககிட்ட போய் கண்ண மறைச்சிருக்கேன் பாருங்க, எவ்ளோ பெரிய மக்கு நானு! வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டேன்.

இப்ப என்னடான்னா, உள்ள நீங்களே சொல்லுங்க மிஸ்ங்குதுங்க. இத்தன வருஷமா நோயாளி, நோயாளின்னே சொல்லிட்டேன். திடீர்னு எங்க அண்ணன்னு எப்படிங்க... அட, உங்ககிட்ட அந்த வார்த்த வந்துருச்சு பாருங்க.

இருங்க, கூப்பிடுறாங்க. வரேன்டா, வரேன்.

ஏங்க, அப்பலேர்ந்து மடியில ஒரு போட்டோவ கவுத்தே வெச்சிருக்கீங்களே... உங்க வீட்லயுமா?