பத்து இருபதுக்கு மூடப்பட்டது

தண்ணீர் வைத்ததற்கு நன்றி, ஐயா. எனக்குத் தாகமில்லை. பொதுவாகவே நான் வெளியிடங்களில் தண்ணீர் குடிப்பதில்லை. என் மனைவி பல வருடங்களாகக் கேலி செய்கிற பழக்கம் அது. வேண்டுமென்றால் என் பையிலேயே ஒரு பாட்டில் இருக்கிறது.

மேசைமேல் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளே வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மச்சானைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். என் மனைவியின் அண்ணன். நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். ஐந்து வாரத்துக்கு மேலாக உங்கள் காவலில் இருக்கிறார். ஆற்றில் விஷம் வருகிறது என்று தகவல் சொல்லியும் குழாயை மூடாமல், மூடியதாகப் பதிவேட்டில் எழுதினார் என்பது வழக்கு. எழுதினார், அது உண்மைதான். மற்றபடி நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் நல்லபடியாகவே சொல்வேன்.

முதலில் என் வேலை. ஆற்றங்கரையில் இருக்கும் ரசாயனக் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி நான். சுபாவத்திலேயே பயந்தவன். பூட்டிய வீட்டைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற ரகம். இந்த வேலைக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா என்று நேர்முகத் தேர்வில் கேட்டேன், சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஆபத்துக்குப் பயப்பட யாருக்கும் நேரமில்லை என்று. ஆய்வுக்குப் பயப்படுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

எங்கள் அவசரகாலத் திட்டம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதியவன் நான். கெட்டி அட்டை, தங்க எழுத்து. மேலாளர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். அலமாரிச் சாவி மேலாளரிடம் இருக்கும். மேலாளர் பெரும்பாலும் வெளியூரில் இருப்பார். ஆற்றில் கசிவு பரவாமல் தடுக்க நூறு மீட்டர் மிதவைத் தடுப்பு வாங்கினோம், ஆரஞ்சு நிறத்தில், பார்க்கவே கம்பீரமாக இருக்கும். உறையைப் பிரித்தால் அழுக்காகும், அழுக்கானால் ஆய்வில் மதிப்பெண் குறையும் என்று உறையோடு வைத்திருந்தோம். எங்கள் ஏழாம் தொட்டியில் இருக்கும் திரவம் மிதக்காது. நிறமில்லாமல் தண்ணீரோடு கலந்துவிடும், கொதிக்கவைத்தாலும் போகாது. ஆகவே மிதவைத் தடுப்பால் பயனில்லை என்று இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அடிக்குறிப்பு போட்டிருந்தேன். ஆய்வாளர்கள் யாரும் அந்தப் பக்கம்வரை புரட்டியதில்லை. அவர்கள் படம் இருக்கிற பக்கங்களில் நின்றுவிடுவார்கள்.

உண்மையில் ஊரைக் காப்பாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான். எங்களுக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் என் மச்சானின் நீரேற்று நிலையம். ஆற்றிலிருந்து உறிஞ்சும் குழாயை அவர் மூடிவிட்டால், எது வந்தாலும் ஊரைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். ஏழாம் தொட்டி உடைந்தால் அவருக்கு நாற்பத்தைந்து நிமிடம் கிடைக்கும். அதனால் கசிவு நடந்த பதினைந்து நிமிடத்துக்குள் நாங்கள் அவருக்குப் போனில் சொல்லவேண்டும். அது விதி.

மூன்று மாதத்துக்கு ஒரு பயிற்சி நடத்துவோம். முதல் பயிற்சியில் மச்சான் நிஜமாகவே குழாயை மூடிவிட்டார். மேட்டுத் தெருக்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் ஏறவில்லை. அவருக்கு மெமோ வந்தது. அடுத்த பயிற்சிக்கு முன்னால் நானே சொன்னேன்.

"மச்சான், பயிற்சிக்கெல்லாம் போய் மூடிக்கிட்டு இருக்காதீங்க. மூடினதா எழுதிடுங்க, போதும்."

"அப்ப நிஜமா வந்தா என்ன பண்றது மாப்ளே?"

"நிஜமா வந்தா நான் பயிற்சின்னு சொல்ல மாட்டேன்ல."

அதிலிருந்து பதினோரு பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் நான் 'இது பயிற்சி' என்று ஆரம்பிப்பேன், அவர் எழுதிக்கொள்வார். பதினொன்றும் வெற்றி. எங்களுக்கு ஒரு சான்றிதழும் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் கிடைத்தன.

கிடங்கு வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே எண்கள். தினமும் காலையில் நான்தான் மாற்றுவேன். அதில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். ஆயிரம் நாள் தாங்குவோம் என்று செய்தவருக்கே நம்பிக்கையில்லை. மச்சானின் மகள் ஒருமுறை என்னோடு வந்திருந்தாள். பத்து வயது.

"மாமா, ஆயிரம் வந்தா எங்க மாட்டுவீங்க?"

"புதுப் பலகை செய்வோம்."

"அதுக்குள்ள விபத்து வந்துட்டா பலகை மிச்சம்ல?"

பெரிதாகச் சிரித்தோம்.

ஆயிரமாவது நாள் விழா. பாதுகாப்பு விருதுக் குழுவிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். முந்தின நாள் முற்றம் முழுவதையும் கழுவிவிட்டோம். கழுவிய தண்ணீர் ஆற்றுக்குப் போவதற்காக வடிகாலின் அடைப்பைத் திறக்கச் சொன்னேன். மறுபடி மூடச் சொன்னேனா என்று கேட்டால், சொன்னதாகப் பதிவேட்டில் இருக்கிறது. கசிவை உறிஞ்சுவதற்காகச் சிவப்பு வாளிகளில் வைத்திருந்த மணலை எடுத்து மேடைப் பூந்தொட்டிகளை நிரப்பியிருந்தார்கள். வாளிகளுக்குப் புது வண்ணம் பூசியிருந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை.

பத்து ஐந்துக்கு மேலாளர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். மேடைக்குப் பின்னால் போர்மேன் வந்து என் சட்டையை இழுத்தார்.

"சார், லாரிலேர்ந்து ஏழுக்கு ஏத்துற குழாய் கழண்டுடுச்சு."

"எவ்வளவு போயிருக்கு?"

"பாதி லாரி."

"வடிகால்?"

"தொறந்துதான் சார் கெடக்கு. நீங்கதான சொன்னீங்க."

மேடையில் மேலாளர், 'ஆயிரம் நாட்களில் ஒரு சொட்டுகூட' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டு மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

என் மேலாளர் கத்துகிறவர் இல்லை. மெதுவாக, "உங்க இடத்துல வேற யாராவது இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு பேர் வேலையில் இல்லை. உண்மையைச் சொல்லிப் போன் செய்தால் நீரேற்று நிலையத்தில் சங்கு ஊதும். சங்கு விழாப் பந்தலுக்குக் கேட்கும். பலகை பூஜ்யத்துக்குப் போகும். போன் செய்யாவிட்டால் பதினைந்து நிமிட விதியை மீறியவன் ஆவேன். இரண்டு பக்கமும் பயம். அந்தப் பதினைந்து நிமிடமும் பயத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் என் தரப்பு.

பத்து இருபதுக்குப் போன் செய்தேன். விதிப்படி.

"மச்சான், இது பயிற்சி."

"இன்னிக்கா? விழான்னு சொன்னீங்க?"

"விழாவுக்குத்தான் இது. வந்திருக்கறவங்களுக்குக் காட்டணும்."

"சரி சரி. பத்து இருபது, மூடப்பட்டது. எழுதிட்டேன். தொறந்தது எப்பன்னு போடட்டும்?"

"பதினொண்ணு அஞ்சு போடுங்க."

"போட்டாச்சு. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வர்றீங்கல்ல? பொண்ணு பலகையப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கா."

"வர்றோம் மச்சான்."

அந்தப் போன்களில் பேச்சு பதிவாவதில்லை, நேரம் மட்டும் பதிவாகும். என் பதிவேட்டில், 'ஏழாம் தொட்டிக் கசிவு, நீரேற்று நிலையத்துக்கு உண்மைத் தகவல் தரப்பட்டது, 10.20' என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். நீங்கள் அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டீர்கள். பதற்றம்தான்.

ஊர்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆற்றில் அந்த மாதம் நிறையத் தண்ணீர். கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று விடை வந்தது. பிறகுதான் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டேன் என்று தெரிந்தது. எப்போது தெரிந்தது என்றா கேட்கிறீர்கள்? பத்து ஐம்பதுக்கு, கேடயத்தை வாங்கும்போது. அப்போது அது மச்சானின் குழாய் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கும். படத்தில் நான் சிரிப்பதுபோல் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பதினொரு பேர் இறந்தார்கள். மூன்றாம் நாள் முடிவதற்குள் முப்பத்தாறு. உங்கள் பட்டியலில் இருபத்து மூன்றாவது வரி மச்சானின் மகள். மச்சானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். பெரிய உடம்பு, தாங்கிவிட்டது. மருத்துவமனை நடைபாதையில், சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாப்ளே, நீங்க பயிற்சின்னுதான சொன்னீங்க?"

நான் அவர் தோளில் கை வைத்தேன்.

"இல்ல மச்சான். நான் பயிற்சின்னு சொல்லவே இல்ல. நீங்க பழக்கத்துல எழுதிட்டீங்க."

"இருக்கும் மாப்ளே," என்றார். உங்களிடமும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னை நம்பிய மனிதர் ஐயா அவர். அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்வேன் என்று முதலிலேயே சொன்னேன்.

புதுப் பலகையில் இன்று ஆயிரத்து நாற்பத்திரண்டு. கிடங்கின் எல்லைக்குள் யாருக்கும் காயமில்லை, எனவே விபத்து எங்களுடையதல்ல என்று மேலாளர் முடிவு செய்தார். இன்று காலையும் நான்தான் மாற்றினேன்.

தாளைத் திருப்பிவிட்டீர்கள். என் போனிலிருந்து அன்று போன அழைப்புகள். அடிக்கோடு போட்டது நீங்களா? என் மனைவி கொடுத்திருப்பாள். ஆறு வாரமாக அவள் என்னிடம் பேசவில்லை. அண்ணனைப் பற்றிய கவலை என்று நினைத்திருந்தேன்.

ஆமாம், பத்து இருபதுக்கு முன்னால் ஓர் அழைப்பு இருக்கிறது. பத்து ஒன்பது. வீட்டுக்கு. ஊர்க் குழாய்தான் எங்கள் வீட்டுக்கும் வருகிறது.

"குழாத் தண்ணியத் தொடாத. தொட்டிக்குப் போற வால்வ மூடிடு. பசங்களுக்கு பாட்டில் தண்ணியக் குடு," என்றேன்.

"ஏங்க?"

"மேல தொட்டி கழுவுறாங்களாம்."

"அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

"வேணாம். அவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு."

அவ்வளவுதான் பேசினோம். ஒரு நிமிடம் நாற்பது விநாடி என்று போட்டிருக்கிறது, சரியாகத்தான் இருக்கும். அவள் வால்வை மூடும்வரை போனை வைக்காமல் காத்திருந்தேன். மூடிவிட்டேன் என்றாள். மறுபடி இழுத்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்தாள்.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை என்று சற்று முன் சொன்னேன் அல்லவா. அதை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அந்த ஓர் அழைப்பில் மட்டும் 'இது பயிற்சி' என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.