நான்கு கட்டத்திலும் வராத ஆள்

ஈரக் காற்று கமராவுக்கு ஆகாது, சேர். கடற்கரைப் பக்கம் பொருத்தினால் அடிக்கடி கண்ணாடியைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புப் படிந்து எல்லா மனிதர்களும் ஒரே மாதிரித் தெரிவார்கள். என் வீட்டுக் கமராக்களை நான் ஒழுங்காகத் துடைத்து வந்தேன். ஆகவே, பார்த்ததைத் தெளிவாகத்தான் பார்த்தேன்.

என் வீடு என்று சொன்னாலும் அது என் மனைவி றிஸ்லாவின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு; மாப்பிள்ளை போய்க் குடியேற வேண்டும். எனக்கு முன்னால் அங்கே குடியேறியவன் அவளுடைய முதல் மாப்பிள்ளை முனாப். சுனாமியன்று காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவன். மையித்துக் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே பள்ளியில் அவனுக்குத் தொழுத காயிப் ஜனாஸாவில் நானும் நின்றேன். விதவை காத்திருக்கும் இத்தாக் காலம் முடிந்தபின் றிஸ்லாவைக் கேட்டுக் கலியாணம் முடித்தேன். அவன் அடித்த ஆணியில் என் சட்டையைத் தொங்கவிட்டேன். அது பெரிய விஷயமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

கல்முனையில் எனக்குக் கொம்பியூட்டர் கடை. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து கமராக்களை இறக்கினேன். முதல் தொகுதியை வீட்டில் பொருத்தினேன். கள்வருக்காக என்றேன்; றிஸ்லா நம்பினாள். கடையில் இருந்தபடியே திரையில் நான்கு கட்டங்களாக வீட்டைப் பார்க்கலாம்: வாசல் கேற், விறாந்தை, சமைக்கும் குசினி, பின்வளவு.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் பின்வளவுக்குப் போவாள். அங்கே மதிலில் ஒரு கடப்பு இருந்தது. பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வரும் இடைவெளி. அதனருகே நின்று யாருடனோ பேசிச் சிரிப்பாள். அந்தப் பக்கம் நிற்பவர் கமராவில் விழமாட்டார். சத்தமும் வராது. அப்படி ஒரு சிரிப்பை அவள் என்னிடம் சிரித்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, சேர். அதை நான் மறைக்கவில்லை.

"பின்னால ஆரோட கதச்ச நீ?" என்று கேட்டேன்.

"முனவ்வறா ராத்தாவோட. வேற ஆரு இரிக்கா அங்க?"

பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேச யாராவது முகம் கழுவிக்கொண்டு போவார்களா? மையித்துக் கிடைக்காதவன் மௌத்தாகிவிட்டான் என்று யாரால் சொல்ல முடியும்?

மேசனைக் கூப்பிட்டுக் கடப்பை அடைத்தேன். காலையில் கேற்றை வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அதன்பிறகும் அவள் மதிலோரம் நின்று, தலையை நிமிர்த்திக்கொண்டு பேசினாள். சிரிக்கவும் செய்தாள்.

சுனாமித் தண்ணீர் குடித்ததிலிருந்து அவளுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கும், வாயில் பம்ப் அடித்தால் சரியாகிவிடும். போன வியாழன், மதிலோரம் பேசிக்கொண்டு நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு குசினிப் படியை நோக்கித் தவழ்ந்தாள். அந்தப் பம்ப் உள்ளே, படுக்கும் அறையில் இருந்தது. மோட்டார் சைக்கிள் சாவி என் கையருகே இருந்தது. பாங்கு சொல்லி முடிவதற்குள் போய்விடலாம்.

நான் போகவில்லை. நான் போனால் அவன் வரமாட்டான். ஒருவர் பிரிண்டருக்கு மை கேட்டு வந்தார். நாளைக்கு வரச் சொன்னேன். எந்தப் பக்கத்தால் குதிப்பான் என்று தெரியாததால் நான்கு கட்டங்களையும் திறந்தே வைத்திருந்தேன்.

கேற்றடிக்கு முனவ்வறா ராத்தாதான் ஓடிவந்தார். பூட்டைப் பிடித்து இழுத்தார். தெருவைப் பார்த்துக் கத்தினார். றிஸ்லா விழுந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். ஆட்கள் வந்து பூட்டை உடைத்தபோது குசினிப் படியில் அசைவு இல்லை.

"கேற்றப் பூட்டிட்டுப் போனியேடா, படுபாவி," என்று மையித்து வீட்டில் எல்லார் முன்னிலையிலும் ராத்தா கேட்டார்.

ஓம், பூட்டியது நான்தான். கடப்பை அடைத்ததும், அவள் மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முனாபையும் தேடுங்கள், சேர். அவள்மேல் உண்மையாக ஆசை வைத்தவன் என்றால், மதிலேறிக் குதித்தாவது வந்திருக்க வேண்டாமா?