பணி ஓய்வு பெறும் தலைவருக்கு, ஏழாம் வார்டு குறித்து

அன்பின் ஊற்றே! ஆற்றலின் உருவே! கட்சி நான்கு மாறியும் காரின் நிறத்தை மட்டும் மாற்றாத கொள்கைக் குன்றே! எங்கள் ஏழாம் வார்டு மாநகராட்சி உறுப்பினர் பெருந்தகையே! பேச்சு எழுதும் நானும், தட்டச்சு அக்காவும், டிரைவரும் பணிந்து வாசிக்கும் மடல் இது.

விழாவுக்குப் பெயர் வைப்பதிலேயே எங்களுக்குள் தகராறு. "தொண்டுக்கு ஏதுண்ணே ஓய்வு? நன்றி விழான்னு போட்டுருவோம்" என்றார் தட்டச்சு அக்கா. தாங்களோ, "பணி ஓய்வுன்னே போடுங்க. தொழில் பண்ணவன் ஓய்வெடுக்கக் கூடாதா?" என்று ஒரே போடாகப் போட்டீர்கள். நான் எழுதித் தராமலே தாங்கள் பேசிய நல்ல வசனம் அதுதான். அந்த நேர்மையை மனதாரப் பாராட்டுகிறோம்.

வாசல் பெஞ்சில் வந்தமர்ந்த எவரையும் தாங்கள் வெறுமனே அனுப்பியதில்லை. குழாய் கேட்டவர், தெருவிளக்கு கேட்டவர், சாக்கடை அடைத்ததென்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர் அனைவருக்கும் "பார்க்கலாம்" என்ற சொல்லைச் சமமாய்ப் பகிர்ந்தளித்த சமத்துவச் செம்மல் தாங்கள்! ஒற்றை அறையில் தொடங்கிய தங்கள் இல்லம் மாடி கண்டது. மாடிமேல் மாடி கண்டது. பிறகு லிஃப்டும் கண்டது. தெரு மட்டும் அப்படியே கிடக்கிறது. மழை பெய்தால் காரைத் தள்ளுவது நாங்கள்தான். கைதட்டிக் கைதட்டி அலுத்துவிட்டது, ஐயா. சத்தியமாக அலுத்துவிட்டது.

இனி வருவது என் சொந்த வேண்டுகோள். மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டும்போது இதை மட்டும் வெட்டிவிடலாம். செவிலியர் படிப்பு முடித்த என் மகளுக்குப் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. "ஏழாவது வார்டு கிடைச்சிருச்சு, அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்று அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த தட்டச்சு அக்கா துள்ளிக் குதித்தார். "அண்ணே, பாப்பாவுக்கு ஏழாவது வார்டாம்! இனி உங்க காட்டுல மழைதான்!" டிரைவர் ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேய்யா" என்று தங்கள் முகமும் சுருங்கியது. அது நோயாளிகள் படுக்கும் வார்டு என்று நான் விளக்கியதும், "அட, நர்ஸ் வேலையா? அவ்வளவுதானா?" என்று எல்லோரும் கலைந்தார்கள். கேக்கை வீணாக்காமல், தாங்கள் கட்சி மாறியதற்காக வெட்டினோம்.

வீட்டில் இதைச் சொன்னால் மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அவ்வளவுதானான்னு அவங்க கேட்டது நியாயம்தானேப்பா! என் வார்டுல இருபது வருஷம் நின்னா கால்தான் வீங்கும். அவர் வார்டுல அஞ்சு வருஷம் உக்காந்தா வீடே வந்துடும்" என்றாள். வேலையில் சேராமல் தேர்தலில் நிற்கப் போகிறாளாம். தங்கள் சிபாரிசு கேட்கத்தான் இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். தங்கள் வீட்டைப் பார்த்தே வளர்ந்த பெண்ணிடம் என் பேச்சு எடுபடவில்லை.

இத்தனை காலத்தில் எனக்கென்று தங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இன்று கேட்கிறேன். மேடையை விட்டு இறங்கியதும் வந்து நிற்பாள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புங்கள். கோபித்துக்கொள்வாள், அழுவாள், பரவாயில்லை. மருத்துவமனையின் அந்த ஏழாவது வார்டில் ஒற்றை ஆளாய் நிற்கும் செவிலியர் நேற்றும் எனக்குப் போன் செய்தார். "உங்க பொண்ணு எப்ப சார் வரும்? என்னால முடியல" என்றார்.

தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ்க! நோய் வந்தாலும், ஓடி வந்து பார்க்க அங்கே ஓர் ஆள் இருக்கட்டும்.

இவண்,
தட்டச்சு அக்கா,
டிரைவர்,
மற்றும் ஏழாம் வார்டு செவிலியரின் தந்தை.