கடைக் கடிகாரம் சொன்ன சிம்மம்

மணியை மேசைமேல் வைத்துக்கொண்டு, இவன் எப்போது நிறுத்துவான் என்று பொறுமையோடு காத்திருக்கப்போகும் அவைத்தலைவர் அவர்களே! கோள்களைக் கணித்துக் குணங்களைக் கூறும் எங்கள் குடும்ப ஜோதிடர் அய்யா அவர்களே! காலையில் கதவைத் தூக்கி, கால் கடுக்க நின்று, களைப்பையும் கையோடு கொண்டுவந்திருக்கும் வணிகப் பெருமக்களே! வீட்டு வேலையில் பாதியை முடித்து, மீதியை மூடி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடமிருந்தும் பின்சுவரில் சாய்ந்தே நிற்கும் இளைஞர்களே! முன்வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் என் தங்கை மகளே, என் மருமகளே! அனைவருக்கும் இந்த இரும்புக்கடைக்காரனின் இதயம் நிறைந்த வணக்கம்.

மாதம் ஒரு ராசி, மேடைக்கு ஒரு பேச்சாளர் என்பது நம் மன்றத்தின் ஏற்பாடு. இந்த மாதம் சிம்மம். ஆணியும் பூட்டும் விற்பவனிடம் சிங்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எங்கள் கல்லாவில் நின்ற என் தங்கையை நீங்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "சிங்கம் இருக்காங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டே படியேறுவீர்கள். அந்தச் சிங்கம் இல்லாமல் நான் ஏறியிருக்கும் முதல் மேடை இது.

என்ன தம்பி? "உரக்க" என்கிறீர்களா? உரக்கப் பேசினால் குரல் உடைந்துவிடும் என்றுதான் மெதுவாகப் பேசுகிறேன். சரி, ஒலிபெருக்கியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன்.

சிம்மம் என்றால் என்ன? பன்னிரண்டில் ஐந்தாவது வீடு. ஆதவனே அதற்கு அதிபதி. நெருப்பே அதன் இயல்பு. சிம்மத்தில் பிறந்தவர் கேட்டு வாங்கமாட்டார், கொடுத்துப் பழகியவர். கெஞ்சமாட்டார், கேள்வி கேட்டே காரியம் முடிப்பார். கூட்டத்துக்குப் பின்னால் நடக்கமாட்டார். அவர் நடந்தால் பின்னால் கூட்டம் வரும். கோபம் வந்தால் கூரை அதிரும். அன்பு வந்தால் அதைக் காட்டத் தெரியாமல் அதட்டுவார். கண்ணீர்? அது சிம்மத்துக்கு இல்லை என்று சொல்வார்கள். சொல்வார்கள், சொல்வார்கள், சொல்லிக்கொண்டே இருப்பார்கள்!

என் தங்கை சின்னவளாக இருந்தபோது, எங்கள் கடையின் இழுப்புக்கதவு இறங்கும் இடத்தில் விரலை வைத்துவிட்டாள். நகம் நீலம் பூத்துவிட்டது. வாயைத் திறந்தாள், உதடு துடித்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த எங்கள் அம்மா முதலில் என்ன கேட்டார் தெரியுமா?

"ஏண்டி, சிம்ம ராசி அழுமா?"

அழவில்லை, அய்யா. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சின்ன வாய் மூடியதைப் பார்த்துக் கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்று மூடிய வாய்!

வளர்ந்தாள், மணந்தாள், இதோ முன்வரிசையில் இருக்கும் இவளைப் பெற்றாள். பிறகு கணவனை இழந்தாள். வந்தவர்கள் எல்லாம் தேம்பினார்கள். அவள் தேநீர் கொடுத்தாள். "சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள். "சிங்கம்டி நீ, எப்படித்தான் தாங்கறியோ!" என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவர்கள் அவளைப் பார்த்துத் தேறிப் போனார்கள். அவள் யாரைப் பார்த்துத் தேறினாள்? யாராவது கேட்டோமா? நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்டேனா?

அப்புறம் கல்லாவுக்கு வந்தாள். கடைக்காரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீலில் குறை என்று கத்திக்கொண்டு வந்தவர், அவள் கொடுத்த பதிலில் கூடவே ஒரு தாழ்ப்பாளும் வாங்கிக்கொண்டு போவார். அப்படிப்பட்ட வியாபாரி!

ஒருநாள் கல்லாவைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர் அம்மா அதிர்ந்துபோனார். "இவ்வளவு தூரம் வர்ற வரைக்கும் வலிக்கவே இல்லையாம்மா?"

என் தங்கை சொன்னாள்: "வலிச்சுது டாக்டர். சொல்ற வழக்கம் இல்லை."

அவையோரே, ஆயிரம் பக்கம் ஜோதிடம் படிக்க வேண்டாம். அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

மருத்துவம் கைவிரித்தால் மனிதன் என்ன செய்வான்? ஜாதகத்தைத் தூக்குவான். நானும் தூக்கினேன். இதோ, மேடையில் இருக்கும் ஜோதிடர் அய்யாவிடம் போய் நின்றேன். பார்த்தார். மறுபடி பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இந்தப் பிறந்த நேரம் யார் சொன்னது?"

"எங்கப்பாதான்."

"எந்தக் கடிகாரம் பாத்துச் சொன்னாரு?"

"கடைக் கடிகாரம்…"

சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டேன். ஏன்? அங்கே எதிர்க்கடைக்காரர் சிரிக்கிறார் பாருங்கள், அவருக்குத் தெரியும்! அவர் கடை திறப்பதற்கு முன்னால் எங்கள் கடை திறக்க வேண்டும் என்பதற்காக, எங்கள் அப்பா அந்தச் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை முன்னால் தள்ளி வைத்திருந்தார். வேலையாட்கள் எல்லோரும் மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் மணி பார்ப்பார்கள். அப்பா மட்டும் கழிக்கமாட்டார். "என் கடிகாரம் முன்னால ஓடலைடா, ஊருதான் பின்னால வருது" என்பார்.

என் தங்கை பிறந்தது கடைக்கு மேலே இருந்த அறையில். நர்ஸம்மா படியில் நின்று "பொண்ணு!" என்று குரல் கொடுத்தபோது, அப்பா நிமிர்ந்து பார்த்தது அந்தக் கடிகாரத்தை. அந்த நேரத்தைத்தான் ஜாதகத்துக்குக் கொடுத்தார். தெருவுக்கே தெரிந்த சங்கதி, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை!

ஜோதிடர் அய்யா அந்தக் கூடுதல் நேரத்தைக் கழித்து, ஜாதகத்தை மறுபடி போட்டார். சந்திரன் இன்னும் சிம்மத்துக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. கடகத்தின் கடைசி விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

கடகம்! நான்காவது வீடு. நீரின் ராசி. நிலவே அதன் தலைவி. நண்டே அதன் வடிவம். மேலே ஓடு, உள்ளே பஞ்சு. பிடித்ததை விடாது, பட்டதை மறக்காது. வீடு, வீடு என்று உருகும். சின்னச் சொல்லுக்கும் கண் நிறையும். எங்கள் வீட்டில் ஒரு நண்டு பிறந்திருந்தது, அய்யா. அதற்குப் பிடரிமயிர் ஒட்டி, கர்ஜிக்கச் சொல்லிக் கைதட்டிக்கொண்டிருந்தோம்!

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதலில் சிரித்தாள். "அப்பாவோட கடிகாரமா? அடக் கடவுளே!" என்று, இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன கேட்டாள் தெரியுமா?

"அப்போ நான் அழலாமாண்ணே?"

தாய்மார்களே, தலைநரைத்த ஒரு பெண், தன் கண்ணீருக்கு அண்ணனிடம் அனுமதி கேட்டாள்! "அழு தாயி" என்றேன். அழுதாள். நசுங்கிய விரலுக்கு அழுதாள். போன புருஷனுக்கு அழுதாள். வலிக்கு அழுதாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா எழுந்துவந்து முதுகைத் தடவினார். அழுது முடித்துவிட்டு, "பசிக்குதுண்ணே" என்றாள். அதன் பிறகு அவள் அதிக நாள் இல்லை. ஆனால் இருந்த நாளில் வலித்தபோது "வலிக்குது" என்றாள்.

ராசி மெய்யா, பொய்யா? எனக்குத் தெரியாது, நான் சரக்கு பார்ப்பவன். பெட்டிமேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து யாரும் பித்தளைத் திருகாணி வாங்குவதில்லை. பெட்டியைத் திறந்து, கையில் எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துத்தான் வாங்குகிறோம். காசு கொடுத்து வாங்கும் ஆணிக்குக் காட்டிய அக்கறையை, கூடப் பிறந்த பிறவிக்குக் காட்டவில்லையே!

இன்னும் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

என் மருமகள் பிறந்தது பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே கடிகாரம் சரி. நேரம் சரி. கணக்கு சரி. இவள் அசல் சிம்மம்! அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று, வந்தவர்களுக்கு இவள் தேநீர் கொடுத்தாள். "சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள். "சிங்கத்துக்குப் பொறந்தது சிங்கக்குட்டிதான்!" என்று நாம் பாராட்டிவிட்டு வந்தோம். மறுவாரமே கல்லாவில் அம்மா நின்ற இடத்தில் நின்றாள். இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

இவள் அம்மாவுக்கு ஒரு தப்பான கடிகாரம் இருந்தது. அதைத் திருத்தி அழவைத்தோம். இவளுக்குத் திருத்த என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையே! ஆகவே அவையறியச் சொல்கிறேன். ஆதவனே அதிபதியானாலும் அந்தியில் அவனும் சிவந்துதான் மறைகிறான். காட்டுச் சிங்கம் காயம்பட்டால் முனகாதா? கண்ணுக்கு ராசி உண்டா? கண்ணீருக்குக் கட்டம் உண்டா? அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை அழ, எந்த வீட்டில் சந்திரன் நிற்க வேண்டும்? எந்த வீட்டிலும் நிற்கட்டும்! அழலாம் கண்ணு. அசல் சிம்மமே அழலாம்.

யாரும் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். தயவுசெய்து. தம்பி, அந்த விளக்கை என்மேலேயே வை. எல்லோரும் என்னைப் பாருங்கள், நான்தானே பேச்சாளர்! அவைத்தலைவர் அவர்களே, மணியிலிருந்து கையை எடுங்கள் அய்யா. என் நேரம் முடிந்துவிட்டது என்று தெரியும். இன்னும் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

என்ன பேசலாம்? எங்கள் கடையில் கீல் உண்டு. கொக்கி உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, சன்னலுக்குத் தனித் தாழ்ப்பாள் உண்டு. சங்கிலி உண்டு, முழம் போட்டு வெட்டித் தருவோம். பூட்டு வாங்கினால் சாவியைப் போட்டுத் திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுப்போம், அது என் தங்கை வைத்த வழக்கம். மரத்துக்குத் தனி ஆணி, சுவருக்குத் தனி ஆணி. கடிகாரம் மாட்டும் ஆணியும் உண்டு. அந்தக் கடிகாரத்தை இப்போது சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டேன். எதிர்க்கடைக்காரர் இனி முதலில் திறக்கட்டும். அப்புறம்… அரம் உண்டு, ரம்பம் உண்டு, சுத்தியல் உண்டு…

என்ன கண்ணு? முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள்.

"போதும் மாமா, எறங்குங்க" என்கிறாள்.

சரி, இறங்குகிறேன். திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களுக்கும் நன்றி. தலைவர் அய்யா, இப்போது மணியை அடியுங்கள்.

வணக்கம்.